ஏழாம் நம்பரின் பதில்

எங்கள் குப்பத்தில் முதன்முதலில் வைஃபை வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். அந்தப் பெருமையில் ஒரு மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வைத்துக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. மரக்காணத்தில் நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் கடையில் வேலை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். அவரும் அத்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். வீட்டுக்கு முன்னால் கடல், பின்னால் உப்பளம்.

வைஃபை பெட்டி தன்னிடம் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஐபி நம்பர் கொடுக்கும். போன் வெளியே போய்விட்டால் அந்த நம்பர் வேறு போனுக்குப் போய்விடும். மாமா மட்டும் ஏழில் முடியும் நம்பரைத் தனக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிக்கொண்டார். அம்மாவின் போனில் பிங் ஆப் ஒன்றும் போட்டுத் தந்திருந்தார். நம்பரைத் தட்டினால் அந்த போனைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். இருந்தால் பதில் வரும், எத்தனை மில்லி செகண்டில் வந்தது என்ற விவரத்தோடு. சாயங்காலம் ஏழு பதில் சொன்னால் மாமாவின் வண்டி வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பத்து வயதில் எனக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாமா வீடெல்லாம் குடைந்துகொண்டிருந்தார். "ஏய், என் போன எங்க வச்ச?"

"நான் பார்க்கல. காத்து ஒரு மாதிரி இருக்குது, இன்னிக்கு போவாத" என்றாள் அத்தை.

அதற்குள் நான் பல் தேய்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாமா கிளம்பிவிட்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வடக்கே படகு மட்டும் கிடைத்தது, இன்ஜின் பழுதாகி, காலியாக. போனைக் கவரில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு போனார் என்று அத்தை எல்லாரிடமும் சொன்னாள். "போன் இருந்துமா ஒரு கால் போடல?" என்று வந்தவர்களெல்லாம் அவளிடமே கேட்டு அழுதார்கள். எத்தனை முறை கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப். நானும் தினமும் ஏழைத் தட்டினேன். பதில் இல்லை.

உடல் கிடைக்காதவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று நடுப்பகலில், அத்தையைக் கரைக்கு அழைத்துப்போய் வளையல் உடைக்கப் பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் தனியாக இருக்கிறேன் என்று அவள் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் வைஃபை பெட்டிக்குக் கீழே நான் மட்டும். கரண்ட் இருந்தும் யாரும் ஃபேன் போடவில்லை. பின்கதவு வழியாக உப்பளத்து வெளிச்சம் தரையில் வெள்ளையாகக் கிடந்தது. பழக்கத்தில் ஏழைத் தட்டினேன்.

பதில் வந்தது. மூன்று மில்லி செகண்ட்.

மறுபடி தட்டினேன். மூன்று. மாமா இவ்வளவு பக்கத்தில் இருந்தால்தான் அது வரும். ஆளில்லாத கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

"மாமா வீட்லதான் இருக்குது! ஏழு பதில் சொல்லுது!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினேன்.

பஞ்சாயத்துப் பெரியவர் போனை வாங்கிப் பார்த்தார். "ஏம்பா, போன் உயிரோட இருந்தா ஆளும் இருப்பான்ல? நிறுத்துங்கப்பா காரியத்த!" என்றார். வடக்கே இரண்டு படகு, தெற்கே இரண்டு படகு பறந்தன. அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். வெளியே வந்த அத்தை மட்டும் கடல் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"எத்தன தடவ சொல்லுச்சு?" என்று மெல்லக் கேட்டாள்.

"ரெண்டு தடவ, அத்தை."

படகுகள் வெறுமனே திரும்பின. அடுத்த அமாவாசைக்குக் காரியம் நடந்தது. வளையல் உடைந்தது.

இன்று நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டுப் பெட்டி கொடுக்கும் நம்பர் வீட்டைத் தாண்டிச் செல்லாது, பதில் சொன்ன போன் உள்ளறையில்தான் இருந்தது என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போகவிடாமல் தடுக்கத்தான் அத்தை அதை ஒளித்திருக்கிறாள்; மாமாவோ அது இல்லாமலே போய்விட்டார். கடைசியாக ஒருமுறை அதிலிருந்த அவர் படத்தைப் பார்க்க அன்று ஆன் செய்திருக்கிறாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது தெரியாதே. அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்தப் பதினாறாம் நாளுக்குப் பிறகும் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏழைத் தட்டிக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் அவள் கை நடுங்கியது. பதில் வரவில்லையே என்றுதான் நடுங்குகிறாள் என்று நினைத்து, இன்னொரு முறை தட்டினேன்.