மூன்றாவது பாட்டில் விலகிய சுருதி

அழைப்பில்லாத கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போவது, மீசை நரைத்தவன் செய்கிற காரியமல்ல. நான் செய்தேன். போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவர், மகளின் வரவேற்புக்கு பழைய சினிமாப் பாடகர் ஒருவரை வரவழைத்திருந்தார். இதற்குப் பிறகு அவர் மேடையேற மாட்டார் என்று பேச்சு; அவரைக் கேட்கத்தான் போனேன்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் மப்ளர், சாயம் பூசாத முடி. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஃபிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி, சபையைப் பார்த்தபடியே குடித்தார். சபையோ பந்திக்கும் போட்டோவுக்கும் வரிசையில் நின்றது. மூன்றாவது பாட்டில், உச்சத்துக்குப் போகும்போது குரல் உடைந்து சுருதி விலகியது.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய்க் கும்பிட்டேன். "ஐயா, குரல் அப்படியே இருக்குங்க."

என்னை உற்றுப் பார்த்தார். "மூணாவது பாட்டுல சுருதி விட்டேனே, கவனிச்சீங்களா?" ஆவலாகத்தான் கேட்டார்.

பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று, "அப்படியா? தெரியலைங்களே" என்றேன்.

"அப்ப நீங்களும் கேக்கலை" என்றார்.

மிச்சப் பாட்டுகளை யாரையும் பார்க்காமல் பாடி முடித்தார். அந்த மண்டபத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவன் நான் ஒருவன்தான். அதை அவரிடம் மறைத்த அறிவாளியும் நானே.

வாசலில் பெண்ணின் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பிட்டீகளாண்ணே? மன்னிச்சுக்கங்க, இந்தப் பாட்டுச் சத்தத்துல வந்தவுககூட நாலு வார்த்தை பேச முடியாமப் போச்சு."