வெள்ளி கேட்ட பிள்ளை

என் பீரோவின் மேல் ஓர் அட்டை வளையம் இருக்கிறது. பிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டி, மஞ்சள் ஜிகினாத்தாள் ஒட்டி, தோளில் மாட்ட இரண்டு நாடாவும் வைத்து நானே செய்த சனிக்கிரகத்தின் வளையம். தாள் பாதி உரிந்துவிட்டது. தூக்கிப்போடத்தான் கை வரவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், மலைக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சூரியக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரைந்தால் என் வாண்டுகள் கொட்டாவி விடும். அதனால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு பிள்ளையைச் சூரியனாக நடுவில் நிறுத்தி, எட்டுப் பேரைச் சுற்ற விடுவேன். பெற்றோரும் வந்து பார்க்கும் சின்ன விழா அது. ஒரு வருடம் சனிப்பெயர்ச்சி வந்தது. ஒத்திகையில் சனியாக நின்ற பையனின் அம்மா மறுநாளே வந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இவனுக்கு ஏழரைச் சனி நடக்குது, வேற ஏதாவது குடுங்க." அடுத்த பிள்ளையின் வீட்டிலும் இதே பேச்சு. இரண்டு பேரையும் மாற்றினேன்.

விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் மேல் என் கண் விழுந்தது. சனி வேண்டாமென்று இவள் வீட்டில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள் என்று நானே முடிவு கட்டினேன். அவள் கேட்டதோ வெள்ளி. "வெள்ளிக்கிழமைதான் டீச்சர் அத்தா துபாய்லேருந்து போன் பண்ணுவாங்க." வெள்ளியாக ஏற்கெனவே ஒருத்தி நின்றாள். அவளை மாற்றியிருக்கலாம், சோம்பல். வளையத்தைக் காட்டி, "இது வேற யாருக்கும் கிடையாது, உனக்கு மட்டுந்தான்" என்று மயக்கிவிட்டேன். விழா முடிந்ததும் அதை ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

மூன்று வாரம் கழித்து அவள் அத்தா வேலை செய்த இடத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடல்கூட ஊருக்கு வரவில்லை. மறுபடி பள்ளிக்கு வந்த அன்று, செய்தித்தாளில் சுற்றிய வளையத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

"நான் சனியா நின்னதாலதான் அத்தா மவுத்தாயிட்டாங்கன்னு பிள்ளைங்க சொல்றாங்க டீச்சர். வெள்ளி குடுத்திருந்தா போன் வந்திருக்கும்ல?"

"அப்படியெல்லாம் இல்லம்மா, இது வெறும் அட்டை" என்றேன். வெறும் அட்டை என்றால் அந்த இரண்டு அம்மாக்களுக்கு மட்டும் ஏன் மாற்றிக் கொடுத்தேன்? அவளுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த மாதமே அவள் அம்மா பிள்ளைகளோடு முசிறியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நாள் கிடைக்கவில்லை.

இப்போதும் வருடாவருடம் மைதானத்தில் கோடு போடுகிறேன். அன்றைக்கு மட்டும் பீரோவின் மேலிருந்து வளையத்தை இறக்கி என் தோளில் மாட்டிக்கொள்கிறேன். குழந்தைக்கு அளவெடுத்த நாடா, என்னை இறுக்கிப் பிடிக்கும். "ஏன் டீச்சர் நீங்களே சனி?" என்று வாண்டுகள் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். பிறகு, சுற்றத் தொடங்கும் முன்னால், ஒவ்வொரு முறையும் சத்தமாகக் கேட்கிறேன்: "வெள்ளி யாருக்கு வேணும்?"