யோகம்மாவின் வதிவிடம்

என் கடையில் போட்டோக் கொப்பி எடுக்கலாம், கடிதம் அடிக்கலாம், கலியாண அழைப்பிதழும் செய்யலாம். ஆனாலும் தீவுச் சனம் என்னை அறிந்து வைத்திருப்பது மரண அறிவித்தலுக்காகத்தான். வேலணைச் சந்தியில் "தர்சினியின்ர கடைக்குப் போறன்" என்று யாராவது சொன்னால், "ஆர் செத்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்குப் பொறுமை குறைவு என்று என் புருசன் சொல்வார். அது உண்மைதான். செத்தவீட்டுக்காரருக்காகச் சேமித்து வைப்பதால் மற்றவர்களுக்கு மிஞ்சுவதில்லை.

இந்தப் பத்து வருசத்தில் தன் அறிவித்தலைத் தானே எழுதவென்று வந்த ஒரே ஆள் யோகம்மா. மடத்துவெளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபத்தொரு வயது. மடிப்புக் கலையாத சேலை, கையில் ஒரு பைல். கதிரையில் இருந்து மூச்சை ஆற்றிக்கொண்டு, "பிள்ளை, ஒரு மரண அறிவித்தல் அடிக்கவேணும்" என்றார்.

"ஆருக்கம்மா?"

"எனக்குத்தான். திகதியை மட்டும் வெறுமையா விடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"என்ர அவர் செத்தநேரம் பிள்ளையள் லண்டனிலயும் கனடாவிலயும் இருந்து அந்தரத்தில போட்டதுகள், வெள்ளவத்தையை வதிவிடமாகவும் எண்டு. அந்த மனுசன் அந்த பிளாட்டுக்கு ஒரு நல்ல அலுமாரி வாங்க விடேல்லை. ஊருக்குப் போகேக்க ஆர் சுமக்கிறது எண்டு கேப்பார். இருபத்தெட்டு வருசம் உடுப்பெல்லாம் சூட்கேசுக்குள்ளதான். அந்தாளுக்கு அப்பிடிப் போடலாமே? என்ரையாவது சரியா இருக்கட்டும்."

எங்கள் அறிவித்தல்களில் ஆளின் பெயருக்கு முன்னால் இடங்கள் வரும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். யோகம்மா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பிறப்பிடம் சரவணை, அதில் பிரச்சினை இல்லை. வதிவிடம் என்றதும் நின்றுவிட்டார். கலியாணம் முடித்து வந்தது மடத்துவெளி. தொண்ணூற்றொன்றில் சண்டைக்குள் தீவைவிட்டு வெளிக்கிட்டு, இரண்டு வருசம் அங்கும் இங்கும் அலைந்து, கடைசியில் தலைநகரில், வெள்ளவத்தையில் எட்டாம் மாடி. புருசன் பரமலிங்கத்தார் கண்ணை மூடியதும் இனி இங்கு என்ன வேலை என்று திரும்பிவந்து, வீட்டைத் திருத்தி, இப்போது நாலு வருசம்.

"மடத்துவெளி எண்டு போடும்" என்றார். போட்டேன். "கொஞ்சம் பொறும். வெள்ளவத்தையையும் போடும்." போட்டேன். "வேண்டாம், எடும். அவருக்குப் போட்டதுக்கு ஏசிப்போட்டு நானே போட்டா என்ன கதை?" எடுத்தேன். நாளைக்கு வாறன் என்று சொல்லிப் போய்விட்டார்.

இப்படி மூன்று தரம் வந்தார். பைலுக்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. வெள்ளவத்தை பிளாட்டை விற்பதற்குத் தாயின் சம்மதம் வேண்டுமென்று மகன் நிசாந்தன் அனுப்பியது. கையெழுத்து வைத்தால் முடிந்தது. வாங்குகிற ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்று அவன் நாளுக்கு ஒருதரம் போன் எடுக்கிறான். இந்த அறிவித்தலில் ஒரு முடிவு வந்தால் அதிலும் முடிவு வந்துவிடும் என்று யோகம்மா நம்பினார். மடத்துவெளிதான் வதிவிடம் என்றால் பிளாட் எதற்கு?

"ஊருக்கு வந்தது சந்தோசம்தானே அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம், சந்தோசம்தான். ஆனா பின்னேரத்தில தண்ணித்தாங்கிப் படியில ஏறி நிக்கிறன். என்னத்தைப் பாக்க ஏறுறன் எண்டு எனக்கே தெரியேல்லை. பனையும் கடலும்தான் தெரியுது, நயினாதீவு லைற்றுகளும் தெரியுது. வடிவாத்தான் இருக்கு. கொஞ்சநேரம் பாத்துப்போட்டு, ஆரோ வரவேண்டிய ஆள் வராத மாதிரி இறங்கிறன். அங்க பிளாட்டில சமைக்கேக்க குசினி யன்னலைத் திறந்து, உந்தக் கட்டடங்கள் காத்தை மறிக்குது எண்டு ஒவ்வொருநாளும் ஏசினனான்."

நாலாம்தரம் வந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அம்மா, செத்தவீட்டுக்காரர்கூட இவ்வளவு தரம் மாத்திறேல்லை. ஒரு முடிவைச் சொல்லுங்கோ" என்றேன். யோகம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "மடத்துவெளி. அவ்வளவுதான்" என்றார். பேனையை வாங்கிச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் வைத்தார். மனம் மாறுவதற்குள் நான் அதை ஸ்கான் பண்ணி நிசாந்தனுக்கு அனுப்பினேன். ஏன் அப்படி அவசரப்பட்டேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டுகிறேன்.

படம் ஒன்றுதான் மிச்சம். பைலிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். பிளாட்டின் குசினி யன்னலடியில் நிற்கிற படம். பின்னால் கட்டடங்கள், பாதி கட்டிய ஒன்றின் மேல் கிரேன், தூரத்தில் தாமரைக் கோபுரம். நான் எல்லாருக்கும் செய்வதையே செய்தேன். ஆளை மட்டும் வெட்டி எடுத்து, நீலவானமும் வெண்முகிலும் வைத்து, ஓரத்தில் ஒரு குத்துவிளக்கும் போட்டு, கொம்பியூட்டரை அவர் பக்கம் திருப்பினேன்.

யோகம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"எனக்குப் பின்னால இருந்ததுகள் எங்க?"

"எடுத்துப்போட்டன் அம்மா. எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறது."

"ஆரைக் கேட்டு எடுத்தனீர்?"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. மேசையில் கிடந்த படத்தை இழுத்து விரலை வைத்தார். "இது எழும்பேக்க நான் தட்டுத் தட்டா எண்ணினனான். இருபத்திரண்டு. இங்கால இருக்கிறது பழசு. இதில ஆறாம் தட்டில ஒரு சிங்களப் பொம்பிளை. பின்னேரம் நான் தேத்தண்ணியோட யன்னலுக்கு வந்தா அவவும் வருவா. பன்னிரண்டு வருசம் கை காட்டினனாங்கள். பேர் தெரியாது. நான் வெளிக்கிட்டது அவவுக்குத் தெரியாது." விரல் படத்திலேயே நின்றது. "ஏன் பிள்ளை எனக்கு அழுகை வருது? நான் ஊருக்கெல்லோ வந்திருக்கிறன்."

கடிதத்தைத் திருப்பி எடுக்கலாம் என்று நினைத்து, அவரைக் கேட்காமலே நிசாந்தனுக்குப் போன் எடுத்துக் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"அம்மா, கிடைச்சிட்டுது. லோயருக்கும் அனுப்பிட்டன். எனக்கு இப்பதான் நிம்மதி. நீங்கள் இனி ஒரு யோசனையும் இல்லாம ஊரிலயே இருங்கோ."

யோகம்மா என்னைப் பார்த்தார். சொல்லுங்கோ என்று சைகை காட்டினேன்.

"ஓம் மகன்" என்றார். "சாப்பிட்டனியே?" என்று கேட்டார். பிறகு போனைத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அறிவித்தலை அடிக்கட்டோ என்று கேட்டேன். அது கிடக்கட்டும் என்றார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் படத்தில என்னை எடுத்துவிடும். அதுகளை மட்டும் பெரிசா அடிச்சுத் தாரும். குசினியில ஒட்டவேணும்" என்றார்.

அவரை வெட்டி எடுத்தேன். கட்டடங்களுக்கு நடுவே ஓர் ஆளளவு வெள்ளை விழுந்தது. பக்கத்துச் சுவரையும் வானத்தையும் இழுத்து அதை மூடுவது எனக்கு ஐந்து நிமிட வேலை.

"இந்த இடத்தை நிரப்பிவிடட்டோ அம்மா?"

"வேண்டாம்" என்றார் யோகம்மா. "நான் நிண்ட இடம். அப்பிடியே இருக்கட்டும்."