நேரத்துக்கு வந்த பாசஞ்சர்

இன்று காலை எட்டு பத்துக்கு வரவேண்டிய நாகர்கோவில் பாசஞ்சர் எட்டு பத்துக்கே வந்துவிட்டது. நான் செத்திருப்பேன்.

எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு அந்த வண்டி எட்டரைக்கு முன்னால் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் தினமும் மேம்பாலப் படி ஏறாமல், பிளாட்பாரம் சரிந்து முடிகிற இடத்தில் இறங்கி லைனைக் கடப்பேன்.

பழைய தண்டவாளத்தில் வண்டி தூரத்தில் வரும்போதே தடதடவென்று கேட்கும். புதிதாகப் போட்டதில் அந்தச் சத்தம் இல்லை. இன்றைக்கு ஒரு காலைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டேன்.

கூட வேலைக்கு வரும் ஸ்டெல்லா அக்கா பின்னாலிருந்து என் பையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, வண்டி!"

மல்லாக்க விழுந்தேன். இன்ஜின் காற்று முகத்தில் அறைந்தது.

"எந்தத் தைரியத்துல எறங்குன மக்கா?"

"எப்பவும் லேட்டாத்தானக்கா வரும்."

"அதெல்லாம் அப்பம். இப்பம் ரெட்டை லைன் போட்டாச்சுல்லா."

இப்படிச் சொன்ன அவரும் எனக்குப் பின்னால் அதே வழியில்தானே வந்துகொண்டிருந்தார்!

வண்டி நேரத்துக்கே கிளம்பியும் போய்விட்டது. நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

'வண்டி லேட், வண்டி லேட்' என்று வருஷக்கணக்காக இதே ஃபேஸ்புக் பக்கத்தில் புலம்பியவள் நான். அடுத்த வண்டியாவது கொஞ்சம் லேட்டாக வரட்டும். மேம்பாலப் படி ஏறி அந்தப் பக்கம் போகவேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், நாளைக்கு உங்களில் எத்தனை பேர் படி ஏறப் போகிறீர்கள்?