எதிர்ப்பட்டறை

பதினொன்றாம் வகுப்பில் வெல்டிங் பிரிவை அவளே கேட்டு வாங்கினாள். வகுப்பிலேயே ஒரே பெண். மறுவருஷம் பயிற்சிக்கென்று பிள்ளைகளைப் பட்டறைகளுக்கு அனுப்பியபோது, இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பெரிய பட்டறை ஒன்று அவளுக்கு வாய்த்தது.

வந்ததும் வராததுமாக முதலாளி அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார். கூட வந்த பையன்கள் வெல்டிங் பழகினார்கள். அவள் இரும்புத்தூளைக் கூட்டினாள், டீ வாங்கி வந்தாள், அவருடைய மோட்டார் சைக்கிளைத் துடைத்தாள். ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"சார், ஒரே ஒரு ஜாயின்ட் நானும் அடிச்சுப் பாக்கறேனே."

"மூஞ்சியில பொறி பட்டா உன்னை எவன் கட்டிக்குவான்? அப்புறம் உங்கப்பன் வந்து என் சட்டையைப் பிடிக்கவா?"

பட்டறையே சிரித்தது. சிரிப்பைக்கூட அவள் விட்டிருப்பாள். பயிற்சி முடிந்ததும், 'வெல்டிங் தெரியவில்லை, வேலைக்கு லாயக்கில்லை' என்று பள்ளிக்கு எழுதி அனுப்பினாரே, அதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. செய்முறைத் தேர்வில் கோட்டைவிட்டாள். "விட்டுத் தொலைடி, தையல் கத்துக்கோ" என்றாள் அம்மா. அவள் மறுதேர்வு எழுதி, ஊரின் மறுகோடியில் லாரிக்குப் பாடி கட்டுகிற இடத்தில் சேர்ந்தாள். வருஷக்கணக்கில் அங்கே கையைச் சுட்டுக்கொண்டாள், தொழிலைப் பிடித்துக்கொண்டாள். சொந்தப் பட்டறை போட நல்ல இடங்கள் எத்தனையோ கிடைத்தன. எதுவும் வேண்டாமென்று, அவர் பட்டறைக்கு நேர் எதிரே வாடகைக்குப் பிடித்தாள்.

அவருடைய பலம் எதில் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அந்தப் பட்டறை ஓடியதே பள்ளிப் பிள்ளைகளின் கூலியில்லா உழைப்பில்தான். நேரே பள்ளிக்குப் போய்ப் பிரிவு ஆசிரியரைப் பார்த்தாள்.

"எல்லாப் பிள்ளைங்களையும் எங்கிட்ட அனுப்புங்க சார். தினப்படி தர்றேன், தொழிலும் கத்துத் தர்றேன். அங்க மட்டும் யாரும் போகக்கூடாது."

"அவர் பழைய ஆளும்மா, எப்படி திடீர்னு..."

"என்னையும் நீங்கதான் சார் அங்க அனுப்பினீங்க."

ஆசிரியர் பட்டியலை எடுத்து, எல்லாப் பெயருக்கும் நேரே அவள் பட்டறையை எழுதினார்.

அந்த வருஷத்திலிருந்து எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் வேலை தேங்கியது. முதலாளியே உட்கார்ந்து குழாய் அறுத்தார். அவர் சொல்லும் விலைக்குக் கீழே சொல்லிச் சொல்லி, கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று அவருடைய வாடிக்கையாளர்களை இவள் இழுத்தாள்.

ஒரு வருஷம் வந்த பிள்ளைகளில் ஒரு பெண் இருந்தாள். "எதிர்த்தாப்புல இருக்கறது எங்கப்பா பட்டறைதான்க்கா. அவருக்குத் தெரியாமத்தான் இந்தப் பிரிவு எடுத்தேன்" என்றாள். இவள் மிஷினைத் தூக்கி வாசலில், அவர் கண்ணில் படுகிற மாதிரி போட்டு, அந்தப் பெண்ணை அங்கேயே வேலை செய்ய வைத்தாள்.

அவர் சாலையைக் கடந்து ஓடிவந்தார். "எம் பொண்ணை அனுப்பு!"

"அவளையே கேளுங்க."

பெண் முகக்கவசத்தை ஏற்றினாள். "எத்தனை தடவைப்பா கேட்டேன்? பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குன்னு விரட்டினீங்கல்ல? நான் வரலை."

அவர் இவள் பக்கம் திரும்பினார். "நீ வந்த நாள்லேருந்து என்னையே குறி வைக்கிறியேம்மா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

இவள் சொன்னாள். துடைப்பம், சிரிப்பு, எழுதி அனுப்பியது, எல்லாவற்றையும். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லையே. அப்படி எத்தனையோ புள்ளைங்க வந்து போச்சு."

அவர் கூனிக்குறுகுவதை எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை. அவர் சாலையைக் கடந்து முடிப்பதற்குள், அவரிடம் மிச்சமிருந்த ஒரே பெரிய கட்டடக் காண்டிராக்டருக்குப் போன் போட்டு, அவர் விலைக்கும் கீழே சொல்லிவிட்டாள்.

வருஷக் கடைசியில் அவர் பட்டறையில் பாதியைப் பூட்டினார். பயிற்சி முடிந்தும் அந்தப் பெண் இவளிடமே வேலைக்கு இருந்துவிட்டாள். ஆனால் மதியமானால் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எதிரே போய், அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டு வருவாள்.

"அவருக்கு ரொம்ப முடியலைக்கா. போதும், விட்டுடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

"நீ சாப்பிடப் போ, நான் ஒண்ணும் சொல்லலை" என்றாள் இவள். பெண் அந்தப் பக்கம் போனதும், அவர் ஒரு கேட்டுக்கு என்ன விலை சொல்லியிருக்கிறார் என்று விசாரித்துவர ஆளனுப்பினாள்.