அம்மை பற்றவைத்த கிணற்று மூடி

எங்கள் ஜங்ஷனில் வெல்டிங் கடை வைத்திருந்தவர் ஒரு பொய்யர். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. கிணற்றுக்கு ஒரு கம்பி மூடி செய்து தரும்படி அம்மை அவரிடம் கேட்டபோது மழை தொடங்கவில்லை. மழை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் சிரித்துக்கொண்டே "நாளெ வராம் சேச்சி" என்றார். இப்போதும் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிணறு எங்கள் அடுக்களை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. முந்தைய மழையில் அதன் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்து, என் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மேலே பலா இலை விழாமலிருக்க ஒரு நைலான் வலை. அது இலையைத் தாங்கும், பிள்ளையைத் தாங்காது. எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு இரண்டு. அவனுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டால் போதும், அந்தப் பக்கம் பாய்வான்.

அப்பா வளைகுடாவில் இருந்தார். "லீவுக்கு வந்து நான் பாத்துக்கிடுதேன்" என்று போனில் சொன்னார். லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. அடுத்த வீட்டுப் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், "பிள்ளைய கட்டிப் போடு" என்றார். ஆண்கள் எல்லோரும் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். கம்பியை யாரும் தொடவில்லை. வீட்டிலிருந்தே துணி தைத்துக்கொண்டிருந்த அம்மை, தையல் மெஷினை அடுக்களைக்கு நகர்த்தி, கதவைத் தாழிட்டு, உள்ளே அலறும் தம்பியோடு ஜாக்கெட் தைத்தாள்.

ஒரு நாள் பெரிய பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. போனில் தேடி, இருப்பதிலேயே விலை குறைந்த வெல்டிங் மெஷினை அம்மை வரவழைத்திருந்தாள். கடைக்காரர் ராடு வைத்துப் பற்றவைப்பாரே, அந்த மாதிரி இல்லை. மெஷினுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். விசையை அழுத்தினால் துப்பாக்கி போன்ற கைப்பிடி வழியாகக் கம்பி தானாக ஓடி வரும். கம்பியின் வயிற்றுக்குள்ளேயே மருந்துப் பொடி இருப்பதால் தனியாக கேஸ் வேண்டாம். என்ன ஒரு சாமான். நான் அன்று பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தைத் தொடவே இல்லை.

"இத வச்சு என்ன செய்யப் போற?" என்று பெரியப்பா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"மூடி செய்யப் போறேன், அத்தான்."

"தையக்காரி இரும்பு தச்ச கதைய நான் கேட்டதில்ல பிள்ளே."

"இனி கேப்பிய."

முதல் சனிக்கிழமை அம்மையின் நைட்டியில் பொறி விழுந்து ஓட்டை ஓட்டையாகப் போனது. உடனே அப்பாவின் ஜீன்ஸும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டாள். அது எங்கள் சர்ச் சபை முழுக்கச் செய்தியானது. வெல்டிங்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஜீன்ஸைப் பற்றித்தான் கேட்டார்கள்.

தொடக்கத்தில் மெஷின் துப்பியது. கம்பி நுனி வெடித்து, பொறி எங்கும் தெறித்து, இரும்பின் மேல் பறவை எச்சம் மாதிரி ஏதோ உட்கார்ந்தது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உதிர்ந்தது. அம்மை மெஷினின் பக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் கேஸ் சிலிண்டர் இருந்தது, மற்றதில் இல்லை. ஒன்றில் இருந்ததற்கு நேர்மாறாக மற்றதில் வயர்கள் இடம் மாறியிருந்தன.

"நாம எந்தப் படமாக்கும்?" என்று என்னைக் கேட்டாள்.

"அடுக்களை சிலிண்டரை உருட்டிட்டு வரட்டா அம்மே?"

"எல்லாரையும் ஒண்ணா பரலோகத்துக்கு அனுப்ப நிக்கா பாரு. நீ சும்மா இரி."

வயர்கள் கேஸ் உள்ள படத்தில் இருப்பது போலவே மாட்டியிருந்தன. வந்தபடியே நாங்கள் ஓட்டிவிட்டோம். கைப்பிடிக்குப் போகும் வயரை மைனஸுக்கும், இரும்பில் கடிக்கும் எர்த் கிளிப்பின் வயரைப் பிளஸுக்கும் அம்மை மாற்றினாள். அப்புறம் விசையை அழுத்தியபோது வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எண்ணெயில் அப்பளம் பொரிவது போல, ஒரே சீராக. மெஷினோடு வாங்கிய இரண்டு வெல்டிங் மாஸ்க்கில் ஒன்றை முகத்தில் பிடித்துக்கொண்டு நான் பின்னால் நின்று பார்த்தேன். அதன் கண்ணாடியின் பச்சை இருட்டுக்குள் ஒரு சின்னச் சூரியன் நகர்ந்துகொண்டிருந்தது. நான் கூவினேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் போனில் பார்க்கும் வெல்டிங் வீடியோவைத் தவிர வேறு பேச்சே இல்லை. பழைய கேட்டின் கம்பிகளைப் பெரியப்பா வீட்டுக் கொல்லையிலிருந்து இழுத்து வந்தோம். பெயின்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும் வரை தேய்ப்பது என் வேலை. கை கொப்பளித்தது, நான் விடவில்லை. பெயின்டின் மேல் வைத்தால் பிடிக்காது என்பதை ஒரு முறை உடைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டோம். கைப்பிடியை முன்னால் தள்ளினால், மருந்துப் பொடி உருகி உறையும் கசடு உள்ளே மாட்டியது, தன் பக்கம் இழுத்தால் மேலே மிதந்து வந்தது. ஒரே இடத்தில் நின்றால் மெல்லிய கம்பியில் ஓட்டை விழுந்தது. அம்மை தையல்காரி. ஊசி ஓடும் வேகத்துக்குத் துணியை நகர்த்தத் தெரிந்த கை அது. கசடைத் தட்டி எடுத்தால் கீழே வரிசையாகத் தையல் மாதிரியே தெரிந்தது. சாயங்காலம் ஊரில் எல்லோரும் தண்ணீர் மோட்டார் போடுவதால் மெஷினுக்குக் கரண்ட் போதாது. அதனால் காலையிலேயே தொடங்கினோம்.

பிறகு ஒரு வாரம் அடைமழை. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் வெட்டுகத்தியைச் சும்மா வைக்க மாட்டார்கள். துரு ஏறாமல் தேங்காயெண்ணெய் தடவி வைப்பார்கள். அம்மையும் அதையே செய்தாள். கம்பிச் சுருளைக் கழற்றி, வழிய வழிய எண்ணெய் தடவி, துணி சுற்றி அலமாரியில் வைத்தாள். மழை விட்டதும் மாட்டினோம். கம்பி, அதைத் தள்ளும் உருளையில் வழுக்கி, வருவதும் நிற்பதுமாக இருந்தது. பற்றவைத்த இடத்திலிருந்து புகையும் பலகாரம் சுடும் வாசனையும் வந்தன. கசடைத் தட்டினால் ஆப்பம் மாதிரி முழுக்க ஓட்டை.

பெரியப்பா மதிலுக்கு மேலே மூக்கை உறிஞ்சினார். "என்ன, இன்னைக்கு முறுக்கா?"

அம்மை மெஷினை அணைத்தாள். மறுநாள் புதுச் சுருளுக்குச் சொல்லிவிட்டு, எண்ணெயோடு வைத்த இணைப்புகளை எல்லாம் அறுத்துப் போட்டாள். "இது போதும் அம்மே, பிடிச்சுதான் இருக்கு" என்று நான் சொன்னதற்கு முதல் முறையாக என்னை அடிக்கக் கை ஓங்கினாள். புதுக் கம்பி வந்ததும் அது உருளைக்குள் போகும் இடத்தில் ஒரு துண்டுத் துணியைத் துணிக் கிளிப்பால் கவ்வி விட்டாள். தூசியோ பிசுக்கோ இருந்தால் துணி துடைத்துக்கொள்ளும். இது அவள் மூளை, எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் கடைசி இணைப்பும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பெரியப்பாவும் அம்மையும் மூடியைத் தூக்கிக் கிணற்றின் மேல் வைத்தார்கள். சரிந்த பக்கத்துக்காக அம்மை அதில் ஒரு காலும் வைத்திருந்தாள். ஆடாமல் உட்கார்ந்தது.

"கொள்ளாம், மோசமில்ல," என்றார் பெரியப்பா. "கோழிக்கூடு மாதிரி உண்டு."

அம்மை கிணற்றுக் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பலாமரத்தில் சுற்றினாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசல் படியில் போய் நிற்க என்னிடம் சொன்னாள். பிறகு மூடியின் மேல் ஏறினாள்.

"ஏ, பிராந்து பிடிச்சிட்டா உனக்கு? இறங்கு பிள்ளே," என்று பெரியப்பா கத்தினார். அவள் கேட்கவில்லை. அவர் ஓடிப்போய்க் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

அம்மை ஒவ்வொரு இணைப்பாகக் குதிகாலால் மிதித்தாள். பிறகு நடுவில் நின்று குதித்தாள். கீழே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. மறுபடியும் குதித்தாள். கம்பி ஙொய்யென்று முனகியது, விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் அம்மை கிணற்றின் மேல் ஆடுகிறாள். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேடிக்கையை நான் பார்த்ததில்லை. தம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்தேன். அவன் சிரித்துச் சிரித்து என் இடுப்பிலிருந்து வழிந்தான்.

வழிந்தவன் ஓடினான். நேராகக் கிணற்றுக்கு. யாரும் தடுக்கவில்லை. அம்மை அவனைத் தூக்கி மூடியின் மேல் விட்டாள். அவன் கம்பி இடைவெளியில் கண்ணை வைத்து, கீழே தெரிந்த வானத்தைப் பார்த்து "ஊ" என்றான். கிணறும் "ஊ" என்றது. அம்மை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பெரியப்பா கயிற்றை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

அம்மையின் கண் சிவந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. துடைத்தாள், மறுபடியும் வந்தது. எனக்கு உடனே விஷயம் பிடிபட்டுவிட்டது. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் இப்படித்தான் ஆகும், வெள்ளரிக்காய் வைக்க வேண்டும் என்று வீடியோவில் கேட்டிருந்தேன். அடுக்களைக்கு ஓடி, இரண்டு வட்டம் வெட்டிக்கொண்டு வந்தேன். "மாஸ்க்கை ஒழுங்கா போடணும் அம்மே, எத்தன தடவ சொல்லுதது" என்று திட்டினேன். அவள் எதிர்த்துப் பேசாமல் அந்த மூடியின் மேலேயே மல்லாந்து படுத்தாள். நான் இரண்டு கண்ணிலும் வெள்ளரிக்காய் வைத்தேன். தம்பி அவள் வயிற்றின் மேல் ஏறிக் குதித்தான்.

அன்று அவள் மெஷினைத் தொடவே இல்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.