கரடியின் மூக்கு

சித்தப்பா அருங்காட்சியகக் காவலர். இருபது வருடமாக அவர் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "ஏங்க, கை சும்மா இருக்காதா?" வீட்டிலும் அலமாரி பொம்மைகளை அவர் எதிரில் துடைக்கச் சித்திக்குப் பயம்.

கோடை விடுமுறையில், காட்டுக்கு நடுவே இருந்த நூற்றாண்டுப் பழமையான எஸ்டேட் மாளிகையைப் பார்க்கக் காரில் போனோம். "உள்ள எதையும் தொடக் கூடாது" என்று வழியெல்லாம் சித்தப்பா வகுப்பெடுத்தார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டே சுற்றினோம்.

கூடத்தில் பாடம் செய்த கரடி ஒன்று நின்றது. தடுப்புக் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி, சித்தப்பா அதன் மூக்கைத் தடவினார்.

அங்கிருந்த காவலர் ஓடிவந்தார். "ஏங்க, கை சும்மா இருக்காதா?"

சித்தப்பா யாரோ எவரோ என்பதுபோல் சித்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சித்தப்பா தன் கையைப் பார்த்தார். "இருபது வருஷமா நானும் இதத்தான் எல்லாரையும் கேக்கறேன்," என்றார். "இருக்காதுங்க."